ஏவுபவரும் இயற்றுபவரும்: பக்கவாத மறுவாழ்வில் ஓர் அறச்சிக்கல்

திருப்புறம் முதலான நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்புற ஊர்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. தமிழர் பக்கவாதம் என்பதை மலையாளத்தார் பக்ஷாகாதம் என்பர். தமிழ்ப் பேச்சுவழக்கு அந்நோயுற்றவரைக் குறித்துக் ‘கை விழுந்துவிட்டது’ என்கின்றது. இத்தொடரில் கையே எழுவாய். கைக்குரியவர் எழுவாய் நிலையை இழந்துவிடுகின்றார். அந்நிலையை அவருக்கு மீட்டுத்தர முனையும் மூளை–கணினி இணைப்பு எழுப்பும் அறச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கின்றது.

கையை அசைக்க எண்ணும்போது மூளையின் இயக்கப் பகுதியில் குறிப்பிட்ட மின்னலைகளின் வீச்சுக் குறைகின்றது. கை செயலற்ற பின்னரும் பலரிடம் இம்மாற்றம் எஞ்சி நிற்கும். தலையில் பொருத்திய மின்வாய்கள் அதனைப் பதிவுசெய்ய, கணினி இனங்கண்டு, கையிற் பூட்டிய இயந்திர உறையை இயக்குகின்றது. எண்ணமும் அசைவும் ஒருங்கே பலமுறை நிகழ்வதால் மூளை புதிய இணைப்புகளை வளர்த்துக்கொள்ளும் என்பது கோட்பாடு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிஷ் தத்தா உருவாக்கிய இத்தகைய கையுறை 2025இல் அறிவிக்கப்பட்டது. அல்ஸ்டர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து நடத்திய முன்னோட்ட ஆய்வில் பங்கேற்றோர் இந்தியாவில் நால்வர், பிரிட்டனில் நால்வர்.

இங்குக் கையை அசைத்தவர் யார்? தொல்காப்பியம் தொழில் முதனிலை எட்டனுள் செய்வதையும் கருவியையும் தனித்தனியே வைக்கின்றது. பின்வந்த இலக்கண மரபு கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா எனப் பகுத்தது. கோயிலை ஏவிக் கட்டுவித்தவன் அரசன், இயற்றியவன் தச்சன். எண்ணம் இல்லாத இயந்திரம் கருவியே என்பதில் ஐயமில்லை. ஆயின் நோயாளி ஏவுபவர் மட்டுந்தானா? அரசன் எத்தனை கோயில்களை எழுப்பச் செய்யினும் தச்சனின் கைத்திறன் அவனைச் சேர்வதில்லை. இங்கோ, ஏவியவரையே திறன் வந்தடைகின்றது. மரபின் பகுப்பு இவ்விடத்தில் நெகிழ்கின்றது.

ஆண்டர் ராமோஸ்-முர்கியால்டே, நீல்ஸ் பிர்பாமர் முதலியோர் ஜெர்மனியில் நிகழ்த்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நோக்கத்தக்கது. கை கடுமையாகச் செயலிழந்த 32 பேர் இரு குழுவினராயினர். ஒரு குழுவினர்க்கு மூளை அலைக்கேற்பக் கருவி இயங்கியது. மற்றவர்க்குத் தொடர்பின்றி, மனம்போன போக்கில் இயங்கியது. தாம் எக்குழுவினர் என்பதை எவரும் அறியார். இரு சாராரும் இயன்முறைப் பயிற்சியும் பெற்றனர். எதிர்பார்ப்பும் இரு சாரார்க்கும் ஏறத்தாழ ஒத்தே இருந்தது. எனினும் முதற்குழுவினரே அளவீட்டில் சராசரியாக 3.4 புள்ளி முன்னேறினர். சிறிய ஏற்றமே, ஆயினும், நம்பிக்கை மட்டும் போதாது, எண்ணம் உண்மையிலேயே அசைவிற்கு ஏதுவாதல் வேண்டும் என்பது இதனாற் புலனாகின்றது.

இரண்டாம் குழுவினர் நிலை எளிதிற் கடந்துசெல்லத்தக்கதன்று. அவர்களின்றி இவ்வுண்மை வெளிப்பட்டிராது. போலி மாத்திரை ஒரு பொருளைப் பற்றியே ஒருவரை ஏமாற்றுகின்றது. போலி அசைவோ அவருடைய எண்ணத்தின் ஆற்றலைப் பற்றியே அவரை ஏமாற்றுகின்றது. முன்கூட்டிப் பெறும் ஒப்புதல் இதற்கு விடை என்பர். அவ்வாறாயின் ஒப்புதல் படிவத்தின் மொழி முதன்மை பெறுகின்றது. திருப்புறம் போன்ற ஊரில் அது தமிழிலும் மலையாளத்திலும் அமைய வேண்டும் என்பது வெளிப்படை. தமிழில் ‘நீங்கள் நினைக்கும்போது கை அசையும்’ என்றெழுதினால் இரு குழுவிற்கும் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அது காலத்தை மட்டுமே சுட்டி ஏதுவை மறைக்கின்றது. ‘நீங்கள் நினைப்பதனால் அசையும்’ என்பது ஒரு குழுவிற்கே மெய். ‘நீங்கள் நினையாதபோதும் அசையக்கூடும், அசைத்தவர் நீங்கள்தாமா என்பது அப்போது உங்களுக்குத் தெரியாது’ என்னும் தொடரும் படிவத்தில் இடம்பெற்று, அதனைப் படித்தறிந்த பின்னரும் ஒருவர் கையொப்பமிடுவாராயின், அதுவே ஒப்புதல் எனப்படும்.