இருளை வேண்டல் தகுமோ?

ஒளி அறிவுக்கும் இருள் அறியாமைக்கும் உவமையாதல் யாவரும் அறிந்ததே. சைவ சித்தாந்தம் ஆணவமலத்தை இருளென்றும் திருவருளை ஒளியென்றும் கூறும். ஆசிரியராவார் மாணாக்கரது அகவிருளை நீக்குவோரெனப் போற்றப்படுதலும் இதுபற்றியேயாம். இங்ஙனமாக, விண்மீன்களைக் காண விழைவார் சிலர், அமாவாசையை அடுத்த சனி ஞாயிறுகளில் நண்பரோடு கூடி, ஊர் விளக்குகளை விட்டு நீங்கி, இருள் மிக்க இடத்தைத் தேடிச் செல்கின்றனர். ஒளியைத் துறந்து இருளை வேண்டுதல் அறிவுடையார்க்குத் தகுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண், அவர் காண்பது யாதென நோக்குவாம். பருத்தித்துறை இலங்கைத் தீவின் வடகோடியில், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 10 பாகைக்குச் சிறிது குறைந்த இடத்தில் உள்ளது. ஆதலின் துருவமீன் அங்கே கடல் விளிம்பிற்கு மேல் ஏறத்தாழ 10 பாகை உயரத்திலேயே நிற்கும். தென்வானமோ பெரிதும் திறந்து கிடக்கும். இலண்டன் மாநகரத்தார் தம்மூரிலிருந்து ஒருநாளும் காணமாட்டாத அகத்தியமீனும் தென்சிலுவையும் நம்மவர்க்கு எளிதிற் புலப்படும். பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, வல்லிபுரத்தைக் கடந்தால், மணற்காட்டு மணற்குன்றுகள் உள; அவற்றிற்குக் கீழ்பால் கடலே. மாசி மாதத்தில் வாடைமழை ஓய்ந்து வானந் தெளியும். அக்காலத்து அம்மணலிற் கிடந்து நோக்குவார்க்கு, முன்னிரவில் திருவாதிரை உச்சந்தலைக்கு ஏறக்குறைய நேரே நிற்கும். அதனையடுத்து வரிசையாக மூன்று மீன்கள். அவற்றின் தெற்கே புகைபோல் ஒரு மங்கல். அது புதிய விண்மீன்கள் பிறக்கின்ற பெருமுகில். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. எனவே, இன்றிரவு நம் கண்ணிற் படும் அதன் ஒளி, நாவுக்கரசரும் சம்பந்தரும் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டளவில் அங்கிருந்து புறப்பட்டது. நள்ளிரவு கழிந்தபின் தென்றிசையில் ஒளிகுன்றிய மீன்போலத் தோன்றும் ஒமேகா செந்தோரி தனிமீனன்று. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள, ஒரு கோடி மீன்களின் திரளாம்.

இவற்றைக் காண்டற்கு விலையுயர்ந்த கருவியினும் முதலில் வேண்டப்படுவது அடக்கமேயாம். இருளிற் புகுந்த கண், இருபது முப்பது நிமிடங் கழிந்தே தன் முழு ஆற்றலைப் பெறும். அதற்குள் கூட்டத்தில் ஒருவர் கைவிளக்கை ஏற்றுவாராயின், அவர் கண் மாத்திரமன்றி அனைவர் கண்ணும் கெட்டு, மீண்டும் அத்துணை நேரங் காத்திருத்தல் நேரும். அதனாற் பழகியோர் விளக்கைச் செந்துணியால் மூடி நிலத்தை நோக்கிப் பிடிப்பர். இன்னுமொன்று: மிக மங்கிய பொருளை நேரே உறுத்து நோக்கின் மறையும், பார்வையைச் சிறிது விலக்கி நோக்கின் தோன்றும். மங்கலொளியை உணரும் நுண்கலங்கள் விழித்திரையின் நடுவிடத்தில் இன்மையே அதற்குக் காரணம். பொறுத்தலும், பிறர்பொருட்டுத் தன்னை அடக்கலும், பற்றிப் பிடிக்க முயலாது நோக்கலும் ஆகிய மூன்றையும் இவ்விரண்டு இரவுகள் எளிதிற் பயிற்றுகின்றன.

இனி, விளக்கின் இயல்பை ஆராய்வாம். விளக்கு அண்மையிலுள்ளதைக் காட்டும். அக்காட்டுதலாலேயே சேய்மையிலுள்ளதை மறைக்கும். உலக மாந்தருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர் தாம் வாழுமிடத்திலிருந்து பால்வீதியைக் காணமாட்டார் என 2016 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று கூறிற்று. அவருட் பலர் தமக்கு ஒன்று மறைக்கப்பட்டிருத்தலையே அறியார். உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் உணர்த்திய வேறுபாடு ஈண்டு நினையத்தக்கது. புறவிருள் பொருள்களை மறைப்பினும் தான் இருளென்பதை மறையாது. ஆணவமோ மறைத்தலோடமையாது தன்னிருப்பையும் மறைக்கும். இருட்டறையில் நிற்பவன் தனக்குத் தெரியவில்லை என்பதையேனும் அறிவான். விளக்கொளி நிறைந்த நகரத்தில் நிற்பவனோ வானத்தை நோக்கி, அங்கே காணத்தக்கது ஒன்றுமில்லை என்று அமைவான். மறைப்பையே மறைத்தலால், வானத்தை நோக்குமிடத்து ஆணவத்திற்கு அணித்தான உவமை இரவன்று, விளக்கேயாம். கற்றோர் செருக்கும் இத்தகையது. சிறிதறிந்தவன் அச்சிற்றறிவின் ஒளியிலே நின்று, அதற்கப்பால் யாதுமில்லை என்கின்றான்.

அற்றேல், யாழ்ப்பாணத்தார்க்கு இருளின் பெருமையைக் கூறுதல் பொருந்துமோ என்று ஒருவர் வினவக்கூடும். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. 1990 தொடங்கிப் பல்லாண்டுகள் போரினாற் குடாநாட்டில் மின்சாரமில்லை. குப்பி விளக்கின் சிறு சுடரிலே ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதிற்று. அவ்விரவுகளிலும் விண்மீன்கள் நிறைந்தேயிருந்தன. ஆயினும் வானத்தை நோக்கினோர் செவி விமானத்தின் ஒலியையே எதிர்பார்த்திருந்தது. 2013 இல் தேசிய மின்வலையமைப்போடு இப்பகுதி மீள இணைந்தபோது மக்கள் மகிழ்ந்தது நியாயமே. அவர்க்கு இருளைப் புகழ்ந்துரைத்தல், பட்டினி கிடந்தாரிடத்துப் பட்டினியைப் புகழ்தல் போலாகாதோ எனின், கூறுதும்.

பட்டினி கிடந்தானுக்கும் நோன்பு நோற்றானுக்கும் வயிற்றின் வெறுமை ஒன்றே. முன்னையது பிறரால் வந்தது. பின்னையது தானே ஏற்றது. முன்னையது உயிரை வருத்தும். பின்னையது உயிரைத் தூய்மை செய்யும். ஆயினும் உணவுள்ளவனே நோன்பு நோற்றற்குரியன். உணவில்லானை நோன்பு நோற்க என்பது கொடுமை. அவ்வாறே விளக்குள்ளவரே அதனைச் சிறிதுபொழுது அவிக்கத்தக்கவர். எனவே, விளக்கு வேண்டாவென்பது எம் கருத்தன்று. கடலோடிக்குக் கரைகாட்ட 1916 இல் எழுந்த பருத்தித்துறை வெளிச்சவீடும், விடியற்காலத்து மீனவர் கையிலுள்ள விளக்கும் அறத்தின்பாற்பட்டனவே. மாயையை விடியுமளவும் உதவும் விளக்கென்று சித்தாந்திகள் கூறுவர். உதவும் விளக்கை இகழற்க. அதனையே பொழுதென்று மயங்கவும் வேண்டா. நிலத்திற் படவேண்டிய ஒளியை வானத்தில் வீசுதல் மட்டுமே விலக்கத்தக்கது.

அன்றியும், போரினால் நாமிழந்தவற்றுள் இரவும் ஒன்று. அச்சத்திற்கு மறுபெயராயிருந்த அதனை அழகிற்கும் வியப்பிற்கும் உரியதாக்கி இளஞ்சிறார் கையிற் கொடுத்தல், முன் இருளில் வருந்தினோர் செய்யத்தக்க பேருதவியாம்.

ஆசிரியர்களே! நம் மாணாக்கருட் பெரும்பாலார் தம் பிறந்த நட்சத்திரத்தின் பெயரை அறிவர். அஃது அவர் பிறந்தபோது சந்திரன் நின்ற இடம் என்பதையோ, அம்மீன் வானத்தில் எங்குளது என்பதையோ அறிவார் சிலரே. பெயரறிந்து பொருளறியாமை கல்வியாகாது. இக்குறையைத் தீர்த்தற்கு உகந்த நாளை முன்னோர் நமக்கு வகுத்திருக்கின்றனர். மாசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசியாகிய சிவராத்திரியிற் சந்திரன் வைகறையளவிலன்றி உதியாது. அன்று முதற்சாமத்தில் உச்சியில் திருவாதிரை, நள்ளிரவில் மகம், மூன்றாஞ்சாமத்தில் தெற்கே தென்சிலுவை, விடியற்காலத்துக் கேட்டை என முறையே காட்டலாம். பூசைகளுக்கிடையே கோயிலின் புறத்து விளக்கை அரைமணி நேரம் அவித்தல் அமையும்.

காட்டும்போது இச்செய்தியையும் சொல்லுக. 2019 இன் இறுதி தொடங்கி 2020 மாசி வரை அத்திருவாதிரை தன் வழக்கமான ஒளியிற் பாதிக்குங் குறைவாக மங்கிற்று. அது தன்னினின்றும் வெளிவிட்ட பொருளே குளிர்ந்து தூசாகி அதனை மறைத்ததென்று வானநூலார் பின்னர் விளக்கினர். அதனை முன்பே கண்டு பழகிய சிறுவன் கருவியின்றியே அம்மாறுதலை அறிந்திருப்பான். பெயரை மாத்திரம் நெட்டுருச் செய்தவனுக்கு ஒன்றுந் தோன்றியிராது.

ஆதலின், அறியாமையாகிய இருளை ஒளியால் நீக்குக. சிறுவொளியால் வரும் செருக்கைத் தாமே ஏற்ற இருளால் நீக்குக. இவ்விரண்டும் ஆசிரியர் கடனேயாம். தம் கைவிளக்கை அவிக்க அறிந்தவரே பிறர்க்கு வானத்தைக் காட்ட வல்லவராவர்.