எழுத்தின் வடிவமும் சத்தியமும்

சொல் மெய்யாயிருக்க, அதைத் தாங்கிவரும் எழுத்தின் வடிவம் மட்டும் பொய் சொல்லக்கூடுமா என்பது முதல் நோக்கில் வீண் தர்க்கமாகத் தோன்றினாலும், தம் முதற் படத்துக்குத் தலைப்பெழுத்துத் தேர்ந்தெடுக்க உட்காரும் திரைக்கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, விடை சொல்லியே தீரவேண்டிய வினா அது.

பர்த்ருஹரியின் வாக்யபதீயத்தைக் கற்றவர்கள் கூடாது என்பார்கள். விரைந்து சொன்னாலும் நிதானமாகச் சொன்னாலும் ஒலி வேறுபடுகிறதேயன்றி, அதனால் வெளிப்படும் ஸ்போடம், அதாவது பொருளை உணர்த்தும் சொல்லின் அகவடிவம், விகாரமடைவதில்லை என்பது அவர் சித்தாந்தம். அதை எழுத்துக்கும் நீட்டினால், பருத்தாலும் மெலிந்தாலும் சொல் ஒன்றே என்றாகும். அச்செழுத்து தன்னை மறைத்துப் பொருளை மட்டும் காட்டும் பளிங்குக் கிண்ணமாக இருக்கவேண்டும் என்று 1930-இல் லண்டனில் பியாட்ரிஸ் வார்ட் அம்மையார் பேசியதும் ஏறக்குறைய இதே திசையில்தான். நூலின் பக்கத்துக்கு இக்கொள்கை முற்றும் பொருந்தும். படத்தின் தலைப்போ வாசிக்கப்படுவதற்கு முன்பே பார்க்கப்பட்டுவிடுகிறது. ‘வா’ என்று தாய் அழைப்பதற்கும் அதிகாரி அழைப்பதற்கும் உள்ள பேதம் அங்கே கண்வழியாக நிகழ்கிறது.

திரைப்பட விளம்பரங்களில் மிகுதியாகக் காணும் டிராஜன் எழுத்தை நோக்குக. 1989-இல் அடோபி நிறுவனத்துக்காகக் கரோல் டுவாம்ப்ளி வரைந்த அது, டேசியா நாட்டை வென்ற டிராஜன் சக்கரவர்த்திக்காக ரோமாபுரியில் கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட தூணின் பீடத்திலுள்ள கல்வெட்டைப் பின்பற்றியது. எழில் மிக்கது, ஐயமில்லை. ஆனால் மூடிய ஆலை வாசலில் காத்து நிற்கும் தொழிலாளியைப் பற்றிய பத்து நிமிஷப் படத்தின் ஆங்கிலத் தலைப்பை அதில் பொறித்தால், ஒரு திக்விஜயத்தின் கம்பீரம் இரவலாக வந்து அமர்ந்துகொள்கிறது. சொல்லில் பொய்யில்லை, ஆயினும் காண்போர் மனத்தில் ஒரு பொய் விதைக்கப்பட்டுவிட்டது. சத்தியத்தை நாவுக்கு மட்டும் உரிய விரதமாகக் கொள்வது எனக்குச் சம்மதமன்று.

சத்யஜித் ராய் கல்கத்தாவில் விளம்பர நிறுவனத்தில் ஓவியராயிருந்தவர். நூல்களுக்கு அட்டை வரைந்தவர். ‘ரே ரோமன்’ முதலிய எழுத்துருக்களைத் தாமே படைத்தவர். அத்தகையவரின் முதற் படமாகிய ‘பதேர் பாஞ்சாலி’ 1955-இல் வெளிவந்தபோது, அதன் தலைப்பில் வித்தை எதுவும் விளம்பரமாகவில்லை. சொரசொரப்பான தாளில் கையெழுத்தாக வந்த வங்க எழுத்துகளே அவ்வேழைக் கிராமத்துக்குப் போதுமாயிருந்தன. வித்தையறிந்தவர் அதை வெளிக்காட்டாத அந்தத் தன்னடக்கத்தை நான் தவமென்றே மதிக்கிறேன்.

தமிழில் தலைப்பிடுவோருக்கு இன்னும் ஒரு கடமை உண்டு. நாகரிகமென்று எண்ணி மயிரிழைபோல் மெலிந்த எழுத்தைத் தேர்ந்தால், கணினியில் துலங்கிய புள்ளி, திரையரங்கின் ஒளியில் கரைந்து, ‘பால்’ என்பது ‘பால’ என நிற்கும். தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளிலோ கொம்பு தன் மெய்யை விட்டு விலகி அநாதையாக நிற்கும். புள்ளியிடாத ஓலைச்சுவடியையும் முன்னோர் பிழையறப் படித்தார்கள் என்று சமாதானம் சொல்வது தகாது. அவர்களுக்கு ஓர் இரவு முழுதும் இருந்தது, அரங்கில் இருப்பவருக்கோ நான்கு விநாடிகளே. ஆதலால் தலைப்பை நிச்சயிக்குமுன், படத்தின் முதற் காட்சியோடு சேர்த்து, பெரிய திரையில், கடைசி வரிசையிலிருந்து ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.