வெறும் ஃப்ரெண்டா?

'அவங்க ரெண்டு பேருக்குள்ள ஒண்ணுமில்ல சார், வெறும் ஃப்ரெண்ட்ஸ்தான்!'

எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? 'வெறும் காதலர்கள்' என்று யாரும் சொல்வதில்லை. நட்புக்கு மட்டும் இந்த 'வெறும்' எப்படி ஒட்டிக்கொண்டது?

இங்கிலாந்தின் ஆலிஸ் ஓஸ்மன் 2020-ல் எழுதிய 'லவ்லெஸ்' நாவலைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி குடைகிறது. 'ஹார்ட்ஸ்டாப்பர்' காமிக்ஸை எழுதி வரைந்தவர் இவர். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான புத்தகம்தானே என்று அலட்சியமாகத்தான் பிரித்தேன்.

ஜார்ஜியாவுக்கு வயது 18. காதல் கதைகள் என்றால் உயிர். ஆனால், சொந்த வாழ்க்கையில் யார் மேலும் எதுவும் வருவதில்லை. டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள், கூடவே நெருங்கிய நண்பர்கள் பிப், ஜேசன். 'நானும் எல்லாரையும் போலத்தான்' என்று நிரூபித்துக்கொள்ள, ஜேசனைக் காதலிக்க முயல்கிறாள். அவனுக்கோ நிஜமாகவே காதல். விஷயம் தெரிந்ததும் நொறுங்கிப் போகிறான்.

டர்ஹாமில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்பவர்களுக்கு சீனியர்களே 'அப்பா, அம்மா'. அப்படி வாய்த்த சுனில் மூலம் இரண்டு சொற்கள் அவளுக்கு அறிமுகமாகின்றன. உடல் ஈர்ப்பு இல்லாதவர்கள், அல்லது மிகக் குறைவாக உள்ளவர்கள் 'ஏசெக்ஷுவல்'. காதல் உணர்வு அப்படி இருப்பவர்கள் 'ஏரொமான்டிக்'. ஜார்ஜியா இரண்டும். இது வியாதியல்ல, விரதமும் அல்ல. சிலர் அப்படித்தான்.

காதல் வராதது அவள் குற்றமில்லை. நண்பனைப் பரிசோதனைக்கூடமாக்கியதுதான் குற்றம். ஆனால், ஜோடி இல்லாதவர் பாதி மனிதர் என்று அவளை நம்ப வைத்தது யார்? அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

அதன் பிறகு அவள் செய்வதுதான் எனக்குப் பிடித்தது. காதல் கதையில் காதலன் துரத்தி வருவான், மன்னிப்புக் கேட்பான், ஊரறிய அன்பைச் சொல்வான். அத்தனையும் இவள் நண்பர்களுக்காகச் செய்கிறாள்.

'எல்லாரும் ஜோடி சேர்ந்துட்டா நான் எங்கே போவேன்?' ஜார்ஜியாவின் நிஜமான பயம் இதுதான். பிப்பும், ஜார்ஜியாவின் அறைத்தோழி ரூனியும் காதலர்களாகிறார்கள். அப்போதும் இவளுக்கு இடம் உண்டு என்கிறது நாவல்.

18 வயதில் சுலபமாகச் சொல்லிவிடலாம். 40 வயதில் வீட்டுக் கடன், குழந்தைக்கு ஜுரம், மாமியாருக்குக் கண் ஆபரேஷன். நண்பன் எத்தனையாவது இடம்? நியாயமான கேள்விதான். ஆனால், கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டி உறுதி சொல்கிறோம். நட்புக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னோமா? சொல்லாத வாக்கை யார் காப்பாற்றுவது?

அரிஸ்டாட்டில் தன் ஒழுக்கவியல் நூலின் பத்துப் பகுதிகளில் இரண்டை நட்புக்கே ஒதுக்கினார். நாம் ஒதுக்குவது, பிறந்தநாளுக்கு ஒரு குறுஞ்செய்தி!

எனக்கும் ஒரு நண்பன் இருந்தான். அற்பக் காரணத்துக்குப் பேச்சு நின்று பதினோரு வருடம். வீட்டில் சண்டை என்றால் அன்றிரவே சமாதானத்துக்கு அலைகிற நான், அவனிடம் மட்டும் 'பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டேன். வெறும் ஃப்ரெண்டுதானே!

நேற்று போன் செய்தேன். அதே நம்பர். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்து, ''சொல்லுடா'' என்றான்.