மயக்கத்தின் முன் வாய்மை

மனிதன் தன் உடைமையைப் பிறர் கையில் ஒப்படைப்பதுண்டு. தன் உணர்வையே ஒப்படைக்கும் தருணங்கள் மிகச் சிலவே. இருதய சத்திரசிகிச்சை அவற்றுள் ஒன்று. 1846 ஒக்டோபர் 16 இல் பொஸ்ரன் நகரில் வில்லியம் மோட்டன் ஈதரினால் உணர்வழித்துக் காட்டியதும், 1953 இல் ஜோன் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தைத் திறந்து வெற்றி கண்டதும் இவ்வொப்படைப்புக்கு வழி வகுத்தன. ஆயின், அதற்கு முன் மயக்கமருந்து நிபுணர் நோயாளியோடு நிகழ்த்தும் உரையாடல் வெறும் மருத்துவச் சடங்கா, அன்றி அறக்கடமையா என்பது ஆராயத்தக்கது.

அவ்வுரையாடலில் நோயாளியிடம் கேட்கப்படுவது உண்மை. உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, புகை, மது யாவும் வினவப்படும். குருதி உறைதலைத் தடுக்கும் மாத்திரையை ஒருவர் மறைப்பின் குருதிப்பெருக்கு நேரலாம். குடிப்பழக்கத்தை மறைப்பின் சிகிச்சையின் பின் நடுக்கமும் மனக்குழப்பமும் தோன்றலாம். இகழப்படுவோமென்று அஞ்சுபவர் உண்மை கூறார். வினாவும் அவர் வாழ்வையறிந்து எழல் வேண்டும். இரண்டு தளங்களுக்குப் படியேற முடியுமா என்பது உலகெங்கும் வழங்கும் வினா. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், மாடியில்லா வீட்டில் வாழும் உழவருக்கு அது பொருளற்றது. வயல் வரம்பிற் சுமையோடு நடக்கையில் மூச்சு வாங்குகிறதா, தோணி வலிக்கையில் நெஞ்சு இறுகுகிறதா என்று வினவின் அவர் தயங்காது விடை தருவார்.

நோயாளி உண்மை கூறியபின், அவருக்குக் கூறப்பட வேண்டிய உண்மை யாது? 1999 இல் வெளியான யூரோஸ்கோர் போன்ற கணிப்பு முறைகள் வயது, சிறுநீரகம், நுரையீரல், இதய வலிமை முதலியவற்றைக் கொண்டு மரண அபாயத்தை எண்ணாக்கித் தருகின்றன. அதனை அவருக்குச் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார் என்று வேண்டும் உறவினர் நம்மிடையே பலர். அவர்தம் அன்பு ஐயத்திற்குரியதன்று. குற்றமற்ற நன்மை விளையுமெனிற் பொய்ம்மைக்கும் இடமளித்தவர் வள்ளுவர். எனினும் இங்கு விளைவது குற்றமற்ற நன்மையா? உடல் எவருடையதோ அவரது தெரிவு அவரறியாமலே பறிக்கப்படுகிறது. அவர் மீண்டெழாவிடின், பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்தவையும் சொல்லப்படாமற் போகும்.

5 வீதம் என்பது, இவரையொத்த 100 பேருள் ஏறத்தாழ 5 பேர் இறக்கக்கூடும் என்பதேயன்றி, இவர் அவர்களுள் ஒருவர் என்பதன்று. இதனை விளக்காது எண்ணை மட்டும் உரைத்தலும் கொடுமையே. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே கேட்டு, சிகிச்சை பெறாதிருப்பதன் அபாயத்தையும் உடன்வைத்துக் கூறுதலே முறை. அறிய வேண்டாமென அவரே கூறின் அது அவர் தெரிவு. உறவினர் கூறின் அன்று.

நோயாளியிடம் முழு உண்மையையும் கேட்கும் மருத்துவம், அவருக்குரிய உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. உணர்வை ஒப்படைப்பவர் அதனை அறிந்தே ஒப்படைத்தல் வேண்டும். அவ்வாறன்றிப் பெறப்படுவது கையொப்பமாகலாம், சம்மதமாகாது.