ஒரு நாள் விடுபட்டால்

மதுவை விட்டொழித்து எட்டு மாத காலம் நல்லபடியாக இருந்து வந்த என் நண்பர் ஒருவர், உறவினர் வீட்டுக் கருமாதிக்குப் போன இடத்தில் மறுபடியும் குடித்துவிட்டார். அந்தச் செய்தி எனக்கு வருத்தம் தந்தது உண்மைதான்; ஆனால் இன்றுவரை என்னை நிம்மதியாக இருக்க விடாதது, அதன்பின் அவர் வீட்டு அடுக்களைச் சுவரில் நான் கண்ட மாதக் காலண்டர். பால் கணக்குக் குறிப்பதற்காக மாட்டியிருந்த அந்தக் காலண்டரில், கணவர் குடிக்காமல் கழித்த ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் அவருடைய மனைவி ஒரு குங்குமப் பொட்டு வைத்து வந்திருக்கிறார். அவர் குடித்த நாளின் கட்டத்தில், பால் அரை லிட்டர் என்று பென்சிலில் எழுதியிருந்தது. பொட்டு மட்டும் இல்லை. அடுத்த நாளிலிருந்து மறுபடியும் பொட்டுகள் தொடர்ந்தன. நான் அந்த வெறுங்கட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட அம்மையார், "அந்த ஒரு நாள்தானுங்களே இல்லை, அண்ணா" என்றார்.

நண்பரோ, அதே வாரத்தில், குடியை விட விரும்புகிறவர்களின் சங்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் எழுந்து நின்று, தமக்கு அன்று மூன்றாவது நாள் என்று சொல்லியிருக்கிறார். கடைசியாகக் குடித்த நாளுக்கு மறுநாளிலிருந்துதான் அங்கே கணக்கு. கூடியிருந்தவர்கள் கைதட்டி வரவேற்றார்களாம். ஆக, ஒரே மனிதருக்கு இரண்டு கணக்குகள்: கூட்டத்தில் எட்டு மாதமும் அழிந்து மூன்று நாள், அடுக்களையில் ஒரே ஒரு நாள் நீங்கலாக எட்டு மாதமும் அப்படியே இருக்கிறது. இவற்றுள் எது மெய்?

இந்தக் கேள்வி என்னை என் ஊருக்கே இழுத்துச் செல்கிறது. நான் பிறந்தது சேலம் ஜில்லாவில். ராஜாஜி 1937-இல் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்த ஜில்லா அது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்து கடைகள் திறந்தபோது நான் சிறுவன். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் எங்கள் ஊர்க் கோயிலில் பூசாரி கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள்; அடுத்த நோன்பு வரைக்கும் அது மணிக்கட்டில் இருக்கும். என் தாய்மாமன் ஒருவர் அப்படிக் கட்டிக்கொண்டு, பயிரும் பண்டமுமாக, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாகச் சில காலம் இருந்தார். ஒரு மாலை, கோயில் கிணற்றுத் திட்டில் அமர்ந்து, இடக்கைக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் பத்திரமாக மடித்துச் சூலத்தின் அடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மேற்கே கடையை நோக்கி நடந்தார். கயிற்றோடு குடிப்பது தெய்வத்துக்குச் செய்யும் துரோகம் என்று அவ்வளவு அஞ்சிய அவர், கயிறு அவிழ்ந்தபின், இனிக் காப்பாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணியவரைப்போல, அடுத்த நோன்பு வரைக்கும் நிறுத்தவே இல்லை. விரதபங்கம் என்றால் நமக்கு முழு பங்கம்தான். நாற்பதாம் நாள் தவறினாலும் முதல் நாளிலிருந்தே வீண் என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம்.

மாமாவின் கதியைப் பிற்காலத்தில் ஒரு மனோதத்துவ நூலின் வாயிலாக நான் ஓரளவு புரிந்துகொண்டேன். ஆலன் மார்லட் என்பவரும் ஜூடித் கார்டன் என்பவரும் 1985-இல் வெளியிட்ட அந்த நூல், ஒரு தடவை சறுக்குவதையும் பழைய குடிக்கே முற்றிலும் திரும்புவதையும் வேறுவேறாகப் பிரித்துக் காட்டுகிறது. சறுக்கியவன், 'என் குணமே இவ்வளவுதான், எல்லாம் கெட்டது' என்று தன்னையே சபித்துக்கொள்ளும்போது, அந்தப் பச்சாதாபத்தின் வேதனையைத் தணிக்க அவனுக்குத் தெரிந்த மருந்து மதுவாகவே இருப்பதால், முதல் கோப்பை அடுத்த கோப்பையைத் தேடுகிறது என்பது அவர்கள் கருத்து. உடம்பின் பக்கத்திலும் அபாயம் உண்டு: பல மாதம் மதுவைத் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது, பல நாள் தொடர்ந்து மிகுதியாகக் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலோ நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். வெட்கத்தால் வைத்தியரிடம் போகாமல் ஒளிந்துகொள்பவன், உயிரையே பணயம் வைக்கிறான்.

நண்பர் போகும் அந்தச் சங்கத்தின் சரித்திரத்தையும் முன்பு எப்போதோ வாசித்திருக்கிறேன். அமெரிக்காவில், ஏக்ரன் நகரத்து வைத்தியர் பாப் ஸ்மித், 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், பின்னாளில் தம்மோடு சேர்ந்து சங்கத்தை நிறுவிய பில் வில்சனைச் சந்தித்துக் குடியை விட்டார். சில வாரங்களுக்குள் வைத்தியர் மாநாடு ஒன்றுக்கு அட்லாண்டிக் சிட்டிக்குப் போனவர், மறுபடியும் குடித்துத் தள்ளாடித் திரும்பினார். அதன்பின் அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஆம் தேதியையே சங்கம் தன் ஸ்தாபக தினமாகக் கொள்கிறது. கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்லும் சங்கமே ஒரு சறுக்கலின் முடிவில்தான் பிறந்தது! ஆயினும், வில்சனோடு பேசிக் கழித்த அந்தச் சில வாரங்கள் இல்லாமல் ஜூன் 10 வந்திருக்குமா?

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் கேட்பதும் ஏறத்தாழ இதுதான். சிரத்தையோடு யோகத்தில் இறங்கி நடுவழியில் நழுவியவன் இரண்டுங்கெட்டு அழிந்துபோவானோ என்று அவன் அஞ்சுகிறான். நன்மை செய்தவனுக்குக் கேடு இல்லை, முன்பு செய்த அப்பியாசம் அடுத்த பிறவியிலும் அவனைத் தானாக முன்னிழுத்துச் செல்லும் என்று கண்ணன் தேற்றுகிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் அம்மையாரின் காலண்டருக்குச் சாஸ்திரமே சாட்சி சொல்வதாக எனக்குத் தோன்றும். ஆனால் உடனே வேறொன்றும் தோன்றும்: குடியும் ஓர் அப்பியாசம்தானே? எட்டு மாத நிதானம் நண்பரை ஒருபுறம் இழுக்கிறதென்றால், இருபது வருஷக் குடி மறுபுறம் இழுக்கிறது.

கூட்டத்தாரின் கணக்கிலும் நியாயம் இல்லாமலில்லை. கருமாதி வீட்டில் கோப்பை நீட்டப்பட்டபோது, 'எட்டு மாதம் இருந்து காட்டியவனை ஒரு மடக்கு என்ன செய்துவிடும்?' என்று தமக்குத் தோன்றியதாக நண்பரே என்னிடம் சொன்னார். சேர்த்து வைத்த நாட்களே அன்று அவருடைய ஜாக்கிரதையைக் கெடுத்தன. அப்படிப்பட்டவருக்குப் பழைய நாட்களைத் திருப்பிக் கொடுப்பது தகுமா? கொடாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டால், என் மாமாவைப்போல, காக்க ஒன்றுமில்லை என்று அவர் போய்விட மாட்டாரா?

அவர் ஒருநாள் என்னிடம் நேராகவே கேட்கக்கூடும்: அந்த எட்டு மாதமும் எனக்கு உண்டா, இல்லையா என்று. குடித்துவிட்டுக் கூனிக் குறுகியிருக்கும் காலையில் கேட்டால், உண்டு, ஒரு நாளும் வீணாகவில்லை என்று சொல்ல வேண்டும். கோப்பை நெருங்கிவரும் மாலையில் கேட்டால், இல்லை, இன்றைய ஒரு நாள்தான் உங்களுக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெளிந்திருக்கிறது. எதிரே நிற்பவர் இவ்விரண்டில் எந்த வேளையில் நிற்கிறார் என்பதை நான் எதைக்கொண்டு அறிவேன்? அவருக்கேனும் அது தெரிந்திருக்குமா? பல நாள் யோசித்தும் இதற்கு விடை அகப்படவில்லை. அகப்படும் என்ற நிச்சயமும் எனக்கு இல்லை.