நேற்றைய வானம்

தமிழில் 'முடிவு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். யோசித்து ஒன்றைத் தீர்மானிப்பதும் முடிவு. அதற்குப் பிறகு என்ன நேர்ந்ததோ அதுவும் முடிவு. முதலாவது நம் கையில் இருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதாலோ என்னவோ, ஒருவன் எடுத்த முடிவு சரியா என்று கேட்டால், அவனுக்கு நேர்ந்த முடிவைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம்.

எனக்கு இந்த எண்ணம் வந்தது கிரிக்கெட்டினால்.

1986 செப்டம்பர் 22. திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் டிரான்சிஸ்டரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட் ஆட்டம், கடைசி நாள். ஆஸ்திரேலியக் காப்டன் ஆலன் பார்டர், முந்தின நாள் மாலைக் கணக்கோடு தம் பக்கத்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு, ஒரே நாளில் 348 ரன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். காலையில் இன்னும் சிறிது நேரம் ஆடியிருந்தால் தோல்விக்கே இடமிராது. ஆனால் வெற்றிக்கும் இடமிராது.

காவஸ்கர் 90 எடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்றே திண்ணை நினைத்தது. அப்புறம் விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. கடைசி ஓவர், கடைசி ஜோடி, வேண்டியது நான்கு ரன். பந்து போட்டவர் கிரெக் மாத்யூஸ். எதிரே நின்றவர் ரவி சாஸ்திரி. இரண்டாம் பந்தில் இரண்டு ரன். மூன்றாம் பந்தில் ஒன்று. கணக்கு சமம், இனித் தோல்வி என்பது கிடையாது. ஆனால் அந்த ஒரு ரன்னை ஓடியதால், மட்டைக்குப் பேர்போகாத மணீந்தர் சிங் பந்துக்கு எதிரே நிற்கும்படி ஆயிற்று. நான்காம் பந்தைத் தடுத்தார். ஐந்தாம் பந்து காலில் பட்டது. அம்பயர் விக்ரமராஜு விரலை உயர்த்தினார். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. 1877-இல் தொடங்கிய டெஸ்ட் ஆட்டங்களில் அதற்குமுன் ஒரே ஒரு முறைதான், 1960-இல் பிரிஸ்பேனில், இப்படி நேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை நேரவில்லை.

"அந்த ஒண்ணை ஏன் ஓடினான்?" என்றார் ஒருவர். "அம்பயருக்கு என்ன அவசரம்?" என்றார் இன்னொருவர். பெரியப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் டிரான்சிஸ்டரை அணைத்தார்.

மணீந்தர் ஒரு ரன் தட்டியிருந்தால் இதே திண்ணை, "சாஸ்திரிக்கு என்ன நிதானம்!" என்று மெச்சியிருக்கும். சாஸ்திரி செய்தது அப்போதும் அதேதான். தூக்கி அடித்துப் பிடிபட்டால் தோல்வி. ஒன்று ஓடினால் தோல்வி இல்லை. வெற்றியை இன்னொருவர் மட்டையை நம்பி விட்டுவிட்டு, தோல்விக்குக் கதவைச் சாத்தினார். அது சரியல்ல என்று வாதாடலாம். ஆனால் ஐந்தாம் பந்தில் நடந்ததை அந்த வாதத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடக்கூடாது. மூன்றாம் பந்தின்போது அது இன்னும் பிறக்கவில்லை.

அம்பயரின் சங்கடம் வேறு மாதிரி. சாஸ்திரி நடக்கப் போவதை ஊகித்தார். இவர் நடந்ததைச் சொல்ல வேண்டும். எது எல்லாருக்கும் இதமாக இருக்கும் என்று யோசிக்க அவருக்கு உரிமை இல்லை. பந்து முதலில் மட்டையில்தான் பட்டது என்று மணீந்தர் பின்னாளிலும் சொல்லிவந்தார். 2008-இல் பரீட்சித்துப் பார்த்துக் கொண்டுவந்த ஏற்பாட்டினால் இன்று ஆட்டக்காரர் மேல்முறையீடு செய்யலாம்; படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அன்று இருந்தவை இரண்டு கண்களும் இரண்டொரு நொடியும் அரங்கம் நிறைந்த கூச்சலுந்தான். விக்ரமராஜு அதற்குப் பின் ஒரு டெஸ்டிலும் அம்பயராக நிற்கவில்லை. மனத்தில் சந்தேகம் இருந்து விரலை உயர்த்தியிருந்தால் அது குற்றம். சந்தேகம் இல்லாதபோது ஊருக்குப் பயந்து உயர்த்தாமல் இருந்திருந்தால் அதுவும் குற்றம். இரண்டில் எது என்பது அவர் ஒருவருக்கே தெரியும்.

அப்படியானால் நெருக்கடியில் எடுத்த எந்த முடிவையும் குறை சொல்லவே முடியாதா? இந்த இடத்தில்தான் எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம் வரும்.

அந்த ஆட்டத்துக்குச் சில வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதம். சம்பா முற்றி நின்றது. அறுவடைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். அன்று விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பொறுத்து, மழை வந்து, நிற்கிற பயிர் சாய்ந்தாலும் ஏதோ தேறும். அறுத்துப் போட்ட அரி நனைந்து கிடந்தால் நெல் முளைத்துவிடும். பெரியப்பா அறுக்கச் சொன்னார். அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. களத்துமேட்டுக்கு வந்து சேர்ந்தது பாதிகூட இல்லை. ஊர் வாய்க்கு வந்தபடி பேசிற்று.

"நேத்து இருந்த வானத்தைப் பாத்து அறுக்கச் சொன்னேன். இன்னிக்கு இருக்குற வானத்தை வச்சு என்னை ஏசுனா நான் என்ன செய்ய?" என்று கேட்டார் பெரியப்பா. ஊரில் யாரும் பதில் சொல்லவில்லை. அவர் சொன்ன இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நானே எத்தனையோ பேரை மன்னித்திருக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் பேச்சு அந்த அறுவடைக்குத் திரும்பியது. அவர் சொன்ன வாதத்தை நான் மெச்சிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குச் சாயங்காலம் தட்டான் தாழப் பறந்துச்சுடா தம்பி. பாத்தேன். ஆளு போயிடுமேங்குற அவசரத்துல பாக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றார்.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மழை பெய்தது அவர் குற்றமல்ல. மழை பெய்யாமலே போயிருந்தாலும் அந்தக் குற்றம் குற்றந்தான். யாருக்கும் தெரிந்திராது, அவ்வளவுதான். நெல் வீடு வந்து சேர்ந்திருந்தால், தமக்கே அது மறந்து போயிருக்கும் என்றும் அவர் சொன்னார்.

நெருக்கடியில் நேரம் குறைவு என்பது வாஸ்தவம். ஆனால் நேரம் இல்லாததால் பார்க்காமல் விட்டது ஒன்று. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தது வேறொன்று. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அந்த வழக்கை விசாரிக்கத் திண்ணைக்கு அதிகாரம் இல்லை. உள்ளே ஒரு சாட்சி இருக்கிறது. அது எத்தனை வருஷம் ஆனாலும் கூண்டை விட்டு இறங்குவதில்லை.

சேப்பாக்கத்து ஆட்டம் முடிந்த அன்று, எல்லாரும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா மட்டும் ஏன் பேசாமல் டிரான்சிஸ்டரை அணைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.