நாலு கை, நாலு பேர்

 

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என் உள்ளத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை ஒரு நாள் வாலிபர் கூடுகையில் கேட்டேன். "வெள்ளம் வருது. வீட்டை விட்டு வெளியேற பத்தே நிமிஷம். எதை எடுத்துக்குவீங்க?"

ஒரு தம்பி, "செல்போன் பாஸ்டர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சகோதரி, "கல்யாண ஆல்பம்" என்றாள். கூட வந்திருந்த ஒரு தாயார், "பேரனோட மார்க்‌ஷீட்டுங்க, அது போனா பிள்ளை வாழ்க்கையே போச்சு" என்றார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த வயதான ஐயா எழுந்து, "என் வேதாகமம்" என்றார். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேன். ஆனால் என் ஆமென் தொண்டைக்குழியிலேயே நின்றுவிட்டது. ஏன் தெரியுமா? அந்தப் பத்து நிமிஷம் எனக்கு ஒரு தடவை நிஜமாகவே கொடுக்கப்பட்டது. அதை நான் என்ன செய்தேன் என்பது கர்த்தருக்கும் என் மனைவிக்கும் தெரியும். இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன். இது ஜெயமான சாட்சி அல்ல, என் தோல்வியின் சாட்சி.

2015-ம் வருஷம் டிசம்பர் 1-ம் தேதி. சென்னையும் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் கடலூரும் தண்ணீரில் மிதந்த நாட்கள் அவை. தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் அப்போது நாங்கள் வாடகை வீட்டில் குடியிருந்தோம். பகலில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் ஊழியம். வீட்டின் முன் ஹால்தான் சபை. நவம்பர் மாதமே ஒரு தடவை தண்ணீர் வந்து போயிருந்தது. அதனால், "முழங்காலோடு நின்னுடும்" என்று நினைத்தேன்.

நிற்கவில்லை. அடையாறும் ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்துகொண்டு, இரவில் தண்ணீர் மளமளவென்று ஏறியது. என் மனைவி இரண்டு பிள்ளைகளையும் இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு மாடியில் வீட்டுக்காரர் வீட்டுக்கு ஏறினாள். ஏறும்போதே, "பின்னாடி ஆயாவைப் பாருங்க" என்றாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் ஒரு விதவைத் தாயார் தனியாக இருந்தார்கள். எழுபது வயதுக்கு மேல். நம் சபை அல்ல, நம் மார்க்கமும் அல்ல. ஆனாலும் என்னை "பாஸ்டர் தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். நாங்கள் ஊருக்குப் போனால் சபை ஹாலின் சாவி அவர்களிடந்தான் இருக்கும். முழங்கால் வலி, கைப்பிடித்தால்தான் நடப்பார்கள்.

"இதோ போறேன், இந்த ஒண்ணு மட்டும் எடுத்து வெச்சுட்டு" என்றேன்.

முதலில் கீபோர்டு. விசுவாசிகள் காணிக்கை சேர்த்து வாங்கியது; கர்த்தருடைய சொத்து அல்லவா! மாடிப்படி ஏறி வைத்துவிட்டு வந்தேன். இந்த ஒண்ணு மட்டும் என்று ஆம்ப்ளிஃபையர். மறுபடி இறங்கினேன். இந்த ஒண்ணு மட்டும் என்று பிரசங்கக் குறிப்பு நோட்டுகள். கடைசியாக, சொல்லவே வெட்கமாயிருக்கிறது, சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்த என் வேதாகமக் கல்லூரி டிப்ளமா. நாலு தடவை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையும் நிறைந்திருந்தது.

நாலாவது தடவை படியில் நிற்கும்போது இருட்டில் ஒரு குரல். "பாஸ்டர், ஆயா எங்க?" தெருமுனையில் எப்போதும் சும்மா நிற்கிற இரண்டு பையன்கள். அவர்கள் வாயில் சாராய வாடை அடிக்கும் என்று என் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டேன். காற்றடித்த லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "உள்ளதான் இருப்பாங்க" என்றேன்.

உள்ளேதான் இருந்தார்கள். கட்டில்மேல் ஸ்டூல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கழுத்துக்கு வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஆயாவை டியூபில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே போய், பள்ளிக்கூட மாடியில் சேர்த்தார்கள். கர்த்தர் பெரியவர், உயிர் பிழைத்தது. மறுநாள்தான் மீனவச் சகோதரர்கள் படகு கொண்டுவந்தார்கள். அதுவரை அந்த ஸ்டூல் தாங்கியிருக்குமா? நினைத்தாலே இன்றும் என் வயிறு கலங்குகிறது.

தேவ பிள்ளைகளே, தண்ணீர் வடிந்தபின் ஆதியாகமம் 19-ம் அதிகாரத்தைத் திறந்தேன். எத்தனையோ தடவை பிரசங்கித்த அதிகாரம். அன்றைக்குத்தான் 16-ம் வசனம் என்னைப் பிடித்தது. விடிந்துவிட்டது, நேரமாகிறது, லோத்துவோ தாமதிக்கிறான். எதற்காகத் தாமதித்தான் என்று வேதம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் போலிருக்கிறது! "இந்த ஒண்ணு மட்டும்" என்றிருப்பான். அப்பொழுது வந்த தூதர்கள் என்ன செய்தார்கள்? அவன் கையையும், அவன் மனைவியின் கையையும், இரண்டு குமாரத்திகளின் கையையும் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். தூதர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு கை. லோத்து ஒன்று, மனைவி இரண்டு, குமாரத்திகள் இருவர். நாலு பேர்! நாலு கை, நாலு பேர். சாமான் தூக்க ஒரு கைகூட மிச்சமில்லை! லோத்துவின் செல்வத்தை நாம் அறிவோம். ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் அவன் மேய்ப்பருக்கும் வாக்குவாதம் வருகிற அளவுக்கு மந்தை வைத்திருந்தவன். அதில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடத் தூதர்கள் தொடவில்லை. பரலோகம் ஆபத்து நேரத்தில் எதைப் பிடிக்கிறது? மனுஷனின் கையைப் பிடிக்கிறது. அல்லேலூயா!

இழுத்துக் கொண்டுவந்து விட்ட பிறகும் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவளை நான் இனிக் குறை சொல்லமாட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நானோ நாலு தடவை திரும்பிப் போனவன்! லூக்கா 17-ல் நம் ஆண்டவர் இதைத்தான் எச்சரிக்கிறார். மாடியில் இருக்கிறவன் கீழே கிடக்கும் சாமானுக்காக இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அந்த ஸ்திரீயை நமக்கு ஞாபகப்படுத்துகிறார். அது மனுஷகுமாரன் வெளிப்படும் நாளைப் பற்றிய வார்த்தை, மெய்தான். ஆனால் வெள்ளம் வந்த இரவில் இறங்காமலிருக்கப் பழகாதவன், அந்த நாளில் மாத்திரம் எப்படி இறங்காமலிருப்பான்?

"அப்படியானால் எதையுமே எடுக்கக் கூடாதா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். எடுக்கலாம். வேதத்தில் அவசரமாகப் புறப்பட்ட பெரிய கூட்டம் இஸ்ரவேலர். எகிப்தை விட்டு ராத்திரியிலே கிளம்பினார்கள். யாத்திராகமம் 12-ஐயும் 13-ஐயும் வாசித்துப் பாருங்கள், மூன்று விதமான சாமானைக் காண்பீர்கள். ஒன்று, புளிக்காத மாவு. அது அன்றைய பசிக்கு. இரண்டு, எகிப்தியரிடம் கேட்டு வாங்கிய பொன்னும் வெள்ளியும். பின்னாலே ஆசரிப்புக் கூடாரத்துக்குக் காணிக்கையாய் வந்ததும் பொன்தான், அதற்குமுன் கன்றுக்குட்டியாய் வார்க்கப்பட்டதும் பொன்தான்! மூன்றாவது, மோசே தூக்கிக்கொண்ட யோசேப்பின் எலும்புகள். விலை ஏதும் இல்லாத சாமான்! ஆனால் தகப்பன்மார் கொடுத்த வாக்கு அதில் இருந்தது. எல்லாரும் தங்கள் தங்கள் மூட்டையைக் கட்டும்போது மோசே இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கைத் தூக்கிக்கொண்டான்.

இந்த இடத்தில் என் சாட்சியின் மறுபாதியைச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் ஆயாவைப் போய்ப் பார்த்தேன். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவர்கள் மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மாத்திரையும், முதியோர் உதவிப் பணத்தின் பாஸ்புக்கும் மட்டுந்தான். என்னைக் கண்டதும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள்.

"இந்தா தம்பி, உங்க கோயில் சாவி. தண்ணியில விழுந்துடப் போவுதுன்னு முடிஞ்சு வெச்சிருந்தேன். பொருளெல்லாம் நனையாம இருக்குதா?"

பிரியமானவர்களே, நான் அவர்களைத் தவிர எல்லாவற்றையும் எடுத்தேன். அவர்களோ கழுத்தளவு தண்ணீரிலும் என் சாவியை எடுத்துக்கொண்டார்கள். எந்த வேதபாடத்திலும் வாங்காத அடியை அன்று வாங்கினேன். "ஆயா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். எதற்கென்றே அவர்களுக்குப் புரியவில்லை. "அழுவாத தம்பி, எல்லாருக்குந்தான் வீடு போச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். பிறகு மகள் வீட்டோடு போய்விட்டார்கள். 2019-ல் காலமானார்கள். அந்தக் கீபோர்டு அதற்கு முன்பே பழுதாகிப் பழைய சாமான்காரரிடம் போய்விட்டது.

அந்த வெள்ளத்துக்குப் பின் அரசாங்கம் சிறப்பு முகாம்கள் நடத்தியதை அறிந்திருப்பீர்கள். ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் என்று தொலைந்ததற்கெல்லாம் நகல் கொடுத்தார்கள். என் டிப்ளமா நனைந்திருந்தாலும் விண்ணப்பம் போட்டால் இன்னொன்று கிடைத்திருக்கும். ஆயாவுக்கு நகல் கொடுக்கிற முகாம் எந்த ஊரில் இருக்கிறது? சொல்லுங்கள்!

ஆகையால் சபையாரே, மழைக்கு முன் சில காரியங்களைச் செய்யுங்கள். இது அவிசுவாசம் அல்ல. மழை வருமுன் பேழையைக் கட்டினவன் விசுவாசி என்றுதான் எபிரெயர் 11-ல் எழுதியிருக்கிறது.

முதலாவது, சாமானைக் குறித்து இன்றைக்கே தீர்மானம் பண்ணிவிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில். அதோடு ஒரு வாரத்துக்கு மாத்திரை, மூக்குக்கண்ணாடி, டார்ச். ஒரே பை, தோளில் மாட்டுகிற பை. கையில் தூக்குகிற பை வேண்டாம், கை வேறு காரியத்துக்கு வேண்டும். ஆல்பம், அம்மாவின் சேலை, அப்பாவின் கைக்கடிகாரம் போன்றவை உங்களுக்கு அருமையானால் பருவமழை முடியும்வரை பரண்மேல் வையுங்கள். தண்ணீர் வந்தபின் அவற்றுக்காகத் திரும்பிப் போகாதிருங்கள். கிளம்பும்போது மெயின் சுவிட்சையும் கேஸ் சிலிண்டரையும் மூடிவிடுங்கள்.

இரண்டாவது, கையைக் குறித்துத் தீர்மானம் பண்ணுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை கை? யார் கையை யார் பிடிப்பது? பெயர் சொல்லிப் பேசி வையுங்கள். வீட்டுக்குள் பிடித்த பிறகு மிச்சமிருக்கும் கை தெருவுக்கு உரியது. உங்கள் தெருவில் நடக்க முடியாதவர், தனியாக இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி யார் யார்? அவர்கள் நம் சபையா என்று கேட்காதிருங்கள். ஆயா என்னிடம் அதைக் கேட்கவில்லை.

எங்கள் சபையில் இப்போது வருஷந்தோறும் அக்டோபர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் பெயர்களை ஒரு அட்டையில் எழுதி, எதிரே பிடிக்கப்போகிறவர் பெயரையும் எழுதுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மறுபடியும் தண்ணீர் ஏறியது. அட்டையில் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் முதலில் மாடி ஏறினார்கள். அந்த டியூப் பையன்களில் ஒருவன்தான் இரண்டு பேரைத் தூக்கினான். இன்னும் அவன் ஆராதனைக்கு வருவதில்லை. ஆனால் அட்டையில் அவன் பெயர் இருக்கிறது. சபையின் புது ஆம்ப்ளிஃபையர் நனைந்துபோனது. யாரும் அதற்காக அழவில்லை.

அருமையான தேவ பிள்ளையே! இந்த வார்த்தைகளை வாசிக்கிற இந்த நேரத்தில் உன் இரண்டு கையிலும் என்ன இருக்கிறது? கர்த்தருக்காக என்று சொல்லி நீ இறுகப் பிடித்திருக்கிற எந்தச் சாமான், பக்கத்து வீட்டுக் கையைப் பிடிக்க விடாமல் உன்னைத் தடுக்கிறது? சிலுவையிலே நம் ஆண்டவரின் கைகளைப் பாருங்கள். அவற்றில் ஆணியைத் தவிர வேறொன்றுமில்லை. அந்த வெறுங்கைதான் என்னையும் உன்னையும் தூக்கியெடுத்தது.

ஜெபிப்போமா?

எங்கள் அன்பின் பரலோக பிதாவே, தாமதித்த லோத்துவை விட்டுவிட்டுப் போகாமல் கையைப் பிடித்த உமது இரக்கத்துக்காக ஸ்தோத்திரம். நாலு தடவை திரும்பிப் போன எனக்கும் இரங்கினீரே, ஸ்தோத்திரம். ஆபத்து வரும் நாளிலே எங்கள் கைகளை வெறுமையாய் வைத்தருளும். பிடிக்க வேண்டிய கையை எங்களுக்குக் காண்பியும். நாங்கள் அற்பமாய் எண்ணினவர்களைக் கொண்டு நீர் செய்கிற இரட்சிப்பைக் கண்டு வெட்கப்படவும் கற்றுக்கொள்ளவும் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்திலே ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென். ஆமென்.